விரைவு வினைகளும் சீனமொழி மாணவரும்

தமிழில் விரைவும் வன்மையும் கலந்த இயக்கத்தைக் குறிக்கும் வினைகள் பலவாகும். பிறமொழியாளர்க்கு அவற்றைக் கற்பிக்குங்கால் நேரும் இடர்ப்பாட்டை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். சீன வானொலி 1963இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய காலந்தொட்டுச் சீனர் பலர் தமிழ் பயின்றுள்ளனர். ஆதலின் அவர்தம் நிலையை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் கொற்றவை வில்லேந்திச் சிங்கத்தின்மீது அமர்ந்து வருகின்றாள். கதையேந்திய மகிடன் பின்சாய்கின்றான். இச்சிங்கத்தின் செயலை எவ்வினையாற் கூறுவது? 'பாய்கிறது' என்பதே பொருந்தும். 'தாவுகிறது' எனின் வன்மை குன்றும். 'குதிக்கிறது' எனின் நகைப்பே எஞ்சும். இவ்வேறுபாட்டின் காரணம் யாது?

புலி பாயும், வேல் பாயும், பாலாறு பாயும், மின்சாரமும் பாயும். இவை அனைத்திற்கும் பொதுவானது, இடையறாது ஓர் இலக்கு நோக்கிச் செல்லும் செலவு. தாவுதல் ஒரு பற்றுக்கோட்டை விட்டு மற்றொன்றைப் பற்றுதல்; குரங்கு கிளைக்குக் கிளை தாவுவதும், ஒருவர் கட்சி தாவுவதும் இதுபற்றியே. குதித்தலில் காலூன்றி எழுதலும் விழுதலுமே சிறப்புடையன. அருவி குதிக்கும் எனக் கவிஞர் கூறுவரே எனின், அஃது அருவியை உயிருள்ளதாகக் கருதிய அணிவழக்கென்க.

சீனத்தில் இப்பாகுபாடு வேறாக அமைகின்றது. 'தியாவ்' என்னும் ஒரு சொல்லே தாவுதலையும் குதித்தலையும் உணர்த்தும். பாய்தலோ விரைந்து முன்னேறலுக்குச் 'சோங்', மேல்விழுதலுக்குப் 'பூ', நீரோடுதலுக்கு 'லியூ' என மூன்றாகப் பிரியும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பொருள்களை எண்ணிட்டு நிரல்படத் தருகின்றது. அப்பெரும்பணியின் சிறப்பை யாரும் மறுக்கவியலாது. எனினும் எண்ணிட்ட பொருள்களுக்கு இடையே ஓடும் பொதுமையை மாணவன் தானே காண வேண்டியுள்ளது. அதனையும் ஆங்கிலப் பொருள்வழியே அவன் காணப் புகின் மயக்கம் இருமடங்காகும்.

தொடரமைப்பில் ஆங்கிலத்தின் துணை வேண்டுவதில்லை. ஆங்கிலம் இயக்கத்தின் தன்மையை முதன்மை வினையில் வைத்துத் திசையை வேறு சொல்லாற் கூறும். தமிழில் 'பாய்ந்து உள்ளே வந்தது' என்பதுபோலவே, சீனத்தில் 'சோங் ஜின் லாய்' எனத் தன்மை, திசை, வருகை என்னும் முறையே நிற்கும். சீனச் சொல் திரிபடையாது. தமிழிலோ முதல்வினை எச்சவடிவு பெறல் வேண்டும். கற்பிப்போர் வற்புறுத்தற்பாலது இவ்வொன்றே.

இஃது அகராதி அளவில் முடியும் சிக்கலன்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்குமுன் மாமல்லபுரக் கடல் பின்னோக்கிச் செல்ல, நீருள் மறைந்திருந்த பாறைகள் தென்பட்டன என்பர். கடற்கரை மக்கள் அதனைக் 'கடல் உள்வாங்கியது' என்பர். 'வாங்குதல்' என்பதற்கு விலைகொடுத்துப் பெறுதல் என்ற பொருளொன்றையே பயின்றவன், கரையில் எழும் அவ்வெச்சரிக்கையை எங்ஙனம் உணர்வான்? வினையைத் தனிச்சொல்லாகவன்றி, அதற்குரிய எழுவாயோடும் இடத்தோடும் சேர்த்துக் கற்பித்தலே தக்க நெறியாம்.