நலமான நாய், நோயுற்ற மனிதர்

1957இல் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ், ஆறு நோயாளிகளுக்கு எலும்பு மஜ்ஜை செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. எலிகளிலோ அதே சிகிச்சை பலித்திருந்தது. ஆய்வக எலிகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல்கள். மனிதர்களும் நாய்களும் அப்படி இல்லை. பல மருத்துவமனைகள் முயற்சியைக் கைவிட்ட காலத்தில் தாமஸ் நாய்களை நம்பினார்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1960களில் சியாட்டிலில் அவரும் சக ஆய்வாளர் ரெய்னர் ஸ்டார்பும் கண்டது இதுதான்: திசுவகை பொருந்திய உடன்பிறந்த குட்டியின் மஜ்ஜையைச் செலுத்தி, மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தும் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கின்றன. பொருந்தாவிட்டால், தானமாக வந்த செல்களே தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குகின்றன. இன்றும் மஜ்ஜை மாற்று என்றதும் மருத்துவர்கள் முதலில் அண்ணன் தம்பி, அக்கா தங்கையை அழைத்துப் பரிசோதிப்பதற்குப் பின்னால் அந்த நாய்கள் இருக்கின்றன.

ஆனால் முறையை வகுக்கப் பயன்பட்ட நாய்கள் பெரும்பாலும் நலமானவை. இந்தச் சிகிச்சை குறிவைக்கும் ரத்தப் புற்றுநோய் அவற்றுக்கு இல்லை. ஒட்டு பிடிக்கிறதா, உடல் தாங்குகிறதா என்பதை அவற்றால் காட்ட முடிந்தது. நோய் திரும்புமா என்பதைக் காட்ட வழியே இல்லை. தானச் செல்கள் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை வேட்டையாடும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. அதன் தடயம் முதலில் எலிகளிலும், 1979இல் நோயாளிகளிடமும்தான் கிடைத்தது. பெரிய விலங்கு சிகிச்சையைச் சோதிக்கும் களமே தவிர, நோயின் பிரதி அல்ல. இரண்டையும் குழப்பிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

செம்மறி ஆடுகளின் கதையும் அப்படித்தான். மாட்டு லுகேமியா வைரஸை ஏற்றினால் ஆட்டுக்கு ரத்தப் புற்றுநோய் வரும். ஆனால் அது பி செல்களைப் பற்றுகிறது. மனிதரில் அதன் உறவு வைரஸான எச்டிஎல்வி-1 டி செல்களைப் பற்றுகிறது. மனித ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை வைரஸால் வருபவையும் அல்ல.

பெரிய விலங்குக்கு ஈடில்லாத இடம் ஒன்று உண்டு: காலம். 2002இல் பாரிஸில், மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் ரத்தப் புற்றுநோய் வந்தது தெரிந்தது. மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸ், செல் வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்றின் அருகே போய் அமர்ந்திருந்தது. அதே ஆபத்தை 2008இல் சியாட்டில் ஆய்வுக் குழு ஒன்று விலங்குகளில் கண்டது. தண்டுச் செல்களைப் பெருக்கும் ஹாக்ஸ்-பி4 மரபணு எலிகளில் தீங்கற்றதாகத் தோன்றியிருந்தது. ஆனால் அதைச் செலுத்திய சிகிச்சைக்குப் பின் சுமார் இரண்டு ஆண்டுகளில் இரண்டு நாய்களுக்கும் ஒரு குரங்குக்கும் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆய்வக எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அந்த எச்சரிக்கை எலியிடமிருந்து எப்படி வந்திருக்கும்?

மூன்றே விலங்குகள் என்பது பலவீனமும்கூட. செலவு மிகுதி, எண்ணிக்கை குறைவு. எத்தனை பேருக்கு ஆபத்து என்று அதிலிருந்து கணக்கிட முடியாது. மஜ்ஜை மாற்றுக்காக நலமான நாயைக் கதிர்வீச்சால் வதைப்பதன் அறக்கடனும் சிறிதல்ல. தாமதமாக வரும் ஆபத்தைத் தேடுவதற்கு மட்டும் அதை ஏற்பேன். எலியிலோ செல்களிலோ விடை கிடைக்கும் கேள்விக்கு ஏற்கமாட்டேன்.

வீட்டு நாய்களுக்குத் தானாக வரும் நோயை, வளர்ப்பவரின் சம்மதத்தோடு புது மருந்தால் சிகிச்சை செய்து பார்ப்பது இன்னும் நேர்மையான வழி. நாய்களின் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவுக்கு வெர்டினெக்சர் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. அதன் உறவு மருந்தான செலினெக்சர் மனிதருக்குப் பயன்படுகிறது. கடுமையான ரத்தப் புற்றுநோய் நாய்களில் லிம்போமாவைவிட அரிது, வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே அங்கே இந்த வழி மெதுவாகத்தான் நகரும். பல ஊர்க் கால்நடை மருத்துவமனைகள் சேர்ந்து நோயுற்ற நாய்களைப் பதிவு செய்தால்தான் எண்ணிக்கை தேறும்.