எடுத்தவர் காணாத படம்

பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் கூடியிருந்து, ஒருவர் எடுத்ததை மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் வழக்கம் ஒளிப்படக் கலையோடு ஏறக்குறைய உடன்பிறந்தது. லண்டனில் 1853-இல் ஒளிப்படச் சங்கம் தொடங்கியது. 1850கள் முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் அதற்கு முன்னின்றவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு மூலமான ஓவியப் பள்ளியை 1850-இல் நிறுவியவரும் அவரே. இன்று அந்த வழக்கம் மாதாந்திரக் கூட்டங்களிலும், ஞாயிற்றுக்கிழமைக் காலை நடை முடிந்தபின் டீக்கடை வாசலில் கேமராவின் பின்திரையைச் சுற்றி நின்று பேசுவதிலும் தொடர்கிறது. ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லாமல், கற்பவர்களே ஒருவருக்கொருவர் கற்பிக்கும் ஏற்பாடு இது.

இதன் முதற்பயன், எடுத்தவரால் தன் படத்தைத் தனியே பார்க்க முடிவதில்லை என்பதிலிருந்து வருகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிகாலையில் போய், ஏலக் கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒரு பெண்ணைப் படமெடுத்தவரை எண்ணிப் பார்க்கலாம். அந்தப் படத்தோடு மீன் வாடை, கூச்சல், காலில் பட்ட ஈரம், தூக்கம் கெட்ட அலுப்பு எல்லாம் அவருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அவற்றில் ஒன்றும் கிடையாது. அவர் முன் இருப்பது நான்கு ஓரங்களுக்குள் அடங்கிய ஒரு பரப்பு மட்டுமே. அதில் அவர் கண் முதலில் இடது மூலையில் பளிச்சென்று நிற்கும் நீல பிளாஸ்டிக் டிரம்முக்குப் போகிறது. அதன் பிறகே அந்தப் பெண்ணின் முகத்துக்கு வருகிறது. எடுத்தவர் அந்த டிரம்மை அன்று துறைமுகத்திலும் கண்டதில்லை, வீட்டுக்கு வந்து பத்து முறை படத்தைப் பார்த்தபோதும் கண்டதில்லை. "என் கண் முதலில் டிரம்முக்குப் போனது" என்று சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. அன்றுதான் முதன்முதலாகக் கேமரா வாங்கியவரும் சொல்லலாம். சொன்னால், எடுத்தவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: நினைவு கலக்காத ஒரு பார்வை. சக கலைஞரின் கருத்துக்கு மதிப்புத் தருவது முதன்மையாக இந்தச் சாட்சிதான். திருத்தம் சொல்லும் தகுதி அதற்கு அடுத்த நிலையில் வருவது.

திருத்தம் சொல்வதில் இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்யும் இடம் தொழில்நுட்பம். "படம் தெளிவாக இல்லை" என்பது புகார் மட்டுமே; காரணத்தைப் பிரித்துச் சொன்னால் அது பாடமாகும். படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. சுவரும் தூணும் தெளிவாக இருந்து ஓடும் சிறுவன் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. சிறுவன் கலங்கி, அவனுக்குப் பின்னால் உள்ள கதவின் பித்தளைக் குமிழ் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வெளிச்சத்திலும் இப்படித்தான். கேமராவின் அளவி தன் முன் உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்தே கணக்கிடுகிறது. அதனால் வெள்ளை வேட்டிகள் நிறைந்த திருமணக் கூட்டத்தில் முகங்கள் இருண்டுபோகின்றன. கருங்கல் சிலையை நெருங்கி எடுத்தால் கல் சாம்பல் பூத்ததுபோல் வெளிறுகிறது. இதைப் புத்தகத்தில் படித்து மறந்தவர்கூட, தன் படத்தைக் காட்டி ஒருவர் விளக்கிய பிறகு மறப்பதில்லை. இத்தகைய கருத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு: சரியா தவறா என்று சோதிக்கலாம். சொன்னவர் யார், எத்தனை வருட அனுபவம் என்பது அங்கே பொருட்டல்ல.

வண்ணத்தைப் பற்றிய கருத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒருவரது கைப்பேசித் திரை மஞ்சளாகவும், கூட்ட அறையின் புரொஜெக்டர் நீலமாகவும் காட்டும்போது "நிறம் தூக்கலாக இருக்கிறது" என்பது படத்தைப் பற்றிய பேச்சா, திரையைப் பற்றிய பேச்சா என்று பிரிக்க முடியாது.

குறைகள் தொடங்குவது, சோதிக்கத்தக்க கருத்தின் குரலிலேயே சொந்த விருப்பமும் பேசத் தொடங்கும் இடத்தில். "நானாக இருந்தால் கொஞ்சம் கீழே உட்கார்ந்து எடுத்திருப்பேன்" என்ற வாக்கியம் எல்லாக் கூட்டத்திலும் கேட்கும். அதில் தவறில்லை, நேர்மையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அது சொல்பவர் எடுக்காத ஒரு படத்தைப் பற்றியது. முன்னால் இருக்கும் படம் அதில் காணாமல் போகிறது. விதியின் பெயரால் சொல்லப்படும் விருப்பம் இதைவிடக் கெடுதியானது. மூன்றில் ஒரு பங்கு விதியை எடுத்துக்கொள்ளலாம். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றி எழுதிய நூலில் அதற்குப் பெயரிட்டார். ஒளிப்படம் பிறப்பதற்கு முன்பே, நிலக்காட்சி ஓவியத்துக்காகச் சொல்லப்பட்ட யோசனை அது. கோபுர வாசலின் நேர் நடுவே நின்று, இருபுறமும் ஒத்திருக்கும் அமைப்பையே பொருளாக்கி எடுத்த படத்திடம் போய் அந்த விதியைச் செலுத்துவது, படம் என்ன செய்கிறது என்று பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்வதாகும்.

இந்தக் குறைக்கு வரலாற்றில் தெளிவான சாட்சி உண்டு. 1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் பனிப்புயல். ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் கையில் பிடிக்கும் சிறு கேமராவோடு ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் காத்திருந்து, பனியைப் பிளந்து வரும் ஒரு குதிரை வண்டியை எடுத்தார். அமெச்சூர் சங்கத்துத் தோழர்களிடம் நெகட்டிவைக் காட்டியபோது சிரித்தார்கள், கலங்கியிருக்கிறது, தூக்கியெறி என்றார்கள் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். அந்தப் படம் இன்று ஒளிப்பட வரலாற்று நூல்களில் நிலையான இடம் பெற்றுவிட்டது. ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' என்ற ஒளிப்பட நூல் 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, பொழுதுபோக்காளர்கள் பரவலாகப் படித்த ஒளிப்பட இதழ் ஒன்று கலங்கல், மணல் மணலான பரப்பு, சாய்ந்த தொடுவானம் என்று அதே குற்றப் பட்டியலை வாசித்தது.

இவ்விரு கதைகளையும் கேடயமாகப் பிடித்துக்கொண்டு எந்தக் குறையையும் ஏற்க மறுப்பவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல. ஃபிராங்கின் நூலில் 83 படங்கள் இருக்கின்றன; 27,000-க்கும் மேற்பட்ட காட்சிகளிலிருந்து அவர் தேர்ந்தவை அவை. கலங்கலும் சாய்வும் படத்துக்குப் படம் திரும்ப வந்து ஒரு மொழியாகின்றன. கைதவறி ஒருமுறை சாய்ந்த தொடுவானம் அப்படிப்பட்டதல்ல. இந்த வேறுபாடு ஒற்றைப் படத்தைப் பார்த்துத் தெரியாது, தொகுப்பைப் பார்த்தால்தான் தெரியும். லண்டன் சங்கம் இன்று ராயல் ஒளிப்படச் சங்கம் என்ற பெயரில் வழங்கும் தகுதிகளில் தொடக்க நிலைக்கே 10 படங்கள் கொண்ட தொகுப்பைக் கேட்பது இந்த வகையில் பொருத்தமானது. மாதக் கூட்டங்களில் ஆளுக்கொரு படம் என்ற ஏற்பாடு வசதியானது. ஆனால் எடுத்தவரின் பழக்கம் எது, தற்செயல் எது என்பதை அது மறைத்துவிடுகிறது. குறைந்தபட்சம் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கைந்து படங்களையும் காட்டச் சொன்னால் பேச்சின் தரமே மாறும். எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எதை விட்டு எதைத் தேர்ந்தார் என்பதெல்லாம் அப்போது கண்முன் வரும்.

விருப்பம் தொழில்நுட்பமாக வேடமிடுவதில் மிகக் கவலைக்குரியது தோலின் நிறம். கறுத்த மேனியுள்ளவரின் முகப்படத்துக்கு "முகத்தில் இன்னும் வெளிச்சம் வேண்டும்" என்ற கருத்து ஏறக்குறையத் தானாகவே வருகிறது. சில படங்களில் அது நியாயம். நிழல் அடைத்து, கண்ணும் கன்னமும் பிரியாமல் கிடக்கும். பல படங்களில் முகத்தின் விவரம் முழுவதும் இருக்கிறது, நிறம் மட்டுமே கறுப்பு. அங்கே வெளிச்சம் கேட்பவர் உண்மையில் கேட்பது வேறு நிறத்தை. இந்தச் சாய்வு தனிமனிதரோடு தொடங்கியதல்ல. 1950கள் முதல் வண்ண ஃபிலிம் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக் நிறுவனத்தின் 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத் தோலுள்ள பெண்ணின் முகமே. தமிழ்நாட்டில் திருமண ஆல்பம் செய்பவர்கள் சொல்லாமலே முகத்தை வெளுக்கும் வழக்கத்தில் இன்றும் அது நீடிக்கிறது. பொழுதுபோக்காளர் கூட்டம் அந்தச் சந்தைக்குக் கட்டுப்பட்டதல்ல. அதனால் அங்கே இந்தக் கருத்தைச் சொல்வதற்கு முன் விவரம் இழந்திருக்கிறதா, நிறம் பிடிக்கவில்லையா என்று சொல்பவர் தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வது கட்டாயம்.

பாராட்டின் பக்கமும் குறைகள் இருக்கின்றன. நன்னூல், நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னது. அதே அளவில் பத்து அழகும் சொன்னது. படவிமர்சனத்தில் குற்றங்களுக்குக் குறையில்லாமல் பெயர் உண்டு: வெளுத்த வானம், சாய்ந்த தொடுவானம், தலையில் முளைத்த கம்பம், வெட்டுப்பட்ட விரல், நெரிசலான பின்னணி. அழகுக்கு 'அருமை', 'செம' தவிரச் சொல்லில்லை. அதனால் நன்றாக அமைந்த படத்தை எடுத்தவர், எது நன்றாக அமைந்தது என்று அறியாமலே வீடு திரும்புகிறார். அடுத்த முறை அதைத் தெரிந்து செய்ய அவருக்கு வழியில்லை. ஜான் சார்கோவ்ஸ்கி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1964-இல் நடத்திய கண்காட்சி, ஒளிப்படத்தைப் பற்றிப் பேச ஐந்து தலைப்புகளை வகுத்தது: பொருள், விவரம், சட்டகம், காலம், நோக்குநிலை. இவை குற்றமும் அல்ல, அழகும் அல்ல. "இந்தப் படம் காலத்தால் நிற்கிறது, பந்து கையை விட்டு ஒரு விரற்கடை தூரம் போன கணம் இது" என்று பேச ஒரு பிடி கொடுக்கின்றன.

பாராட்டு மொய்யாக மாறுவதும் உண்டு. அவர் நம் படத்தைப் புகழ்ந்தார், எனவே நாமும் புகழ வேண்டும் என்று கணக்கு ஓடத் தொடங்கினால், அங்கே யாரும் யாருக்கும் எதையும் கற்றுத்தர முடியாது. மறுபுறம் கடுமையே நேர்மை என்ற நம்பிக்கையும் தவறு. அவ்ராஹம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகிய உளவியலாளர்கள் 1996-இல் வெளியிட்ட பகுப்பாய்வு 607 அளவீடுகளைத் தொகுத்தது. பின்னூட்டம் சராசரியாகப் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் செயல்திறனைக் குறைத்தது என்று அது காட்டியது. ஒளிப்படத்தைப் பற்றிய ஆய்வல்ல அது. ஆனால் அவர்கள் தந்த விளக்கம் இங்கும் பொருந்தும்: கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பயன் குறைகிறது. "உங்களுக்குக் கண் இருக்கிறது" என்பதும் "உங்களுக்கு இன்னும் கண் திறக்கவில்லை" என்பதும் இந்த வகையில் ஒன்றே. இரண்டும் படத்தை விட்டு ஆளிடம் போய்விட்டன.

இந்தச் சிக்கல்களுக்குப் பதிலாக வந்த முறைகளில் நன்கு சிந்திக்கப்பட்டது, அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய நான்கு படி முறை. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பொருளுள்ளதாகப் பட்டது, எது மனத்தில் நின்றது என்று சொல்கிறார்கள். அடுத்து, படைத்தவர் தமக்குத் தெரிய வேண்டியதைக் கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள், கருத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியில்தான் கருத்து, அதுவும் படைத்தவர் இசைந்தால். ஒளிப்படத்துக்கு இதில் மிகவும் உதவுவது மூன்றாம் படி. "ஏன் இவ்வளவு இருட்டாக எடுத்தீர்கள்?" என்பது கேள்வி வடிவில் வந்த குற்றச்சாட்டு. "அறையில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?" என்பது எடுத்தவரை மீண்டும் அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தும் கேள்வி. பல நேரம் விடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குறையைத் தாமே கண்டுவிடுகிறார்.

ஆனால் இம்முறைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இருபது படங்கள் என்றால் ஒரு படத்துக்கு ஆறு நிமிடம்தான். நான்கு படிகளும் அதில் அடங்கா. போட்டிகளில் அதுவும் கிடைப்பதில்லை. திரையில் சில நொடிகள், ஒரு மதிப்பெண், அடுத்த படம். மதிப்பெண் தரவரிசைக்குப் போதும், கற்றலுக்குப் போதாது. படங்களைக் குறைத்து ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் கொடுப்பதே உருப்படியான வழி. தம் முறை வராதவரும் மற்றவர் படத்தைச் சொல்லால் விவரிக்கும் பயிற்சியில் பெறுவது, தம் படத்துக்கு ஆறு நிமிடம் பெறுவதைவிட அதிகம்.

கூட்டங்கள் பெரும்பாலும் தொடாமல் விடும் ஒன்று, படம் எப்படிக் கிடைத்தது என்பது. கூட்டில் குஞ்சுகளுக்கு இரையூட்டும் பறவையின் படம் கூர்மையிலும் வெளிச்சத்திலும் குறையற்று இருக்கலாம். நெருங்கிப் போனதால் தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகியதா என்பது படத்தில் தெரியாது. இயற்கைப் படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. நடைபாதையில் உறங்குபவரின் படத்துக்கும், கோயில் வாசலில் பிச்சை கேட்கும் முதியவரின் படத்துக்கும் விதி எதுவும் காவல் நிற்பதில்லை. அங்கே கேட்க இருப்பவர்கள் சக கலைஞர்கள் மட்டுமே. "அவருக்குத் தெரியுமா?" என்ற கேள்விக்கு எக்ஸ்போஷரைப் பற்றிய கேள்விக்குரிய அதே இடம் தரப்பட வேண்டும்.

ஆலோசனைகளிலேயே மிகுதியாகக் கிடைப்பது 'இங்கே கிராப் செய்யுங்கள்' என்பது. அங்கேயே செய்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் அது பயனுள்ளதே. அச்சிட்ட படத்தின் மேல் எல் வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளை நகர்த்திப் பார்க்கும் பழைய உத்தியும் அதற்காக வந்ததுதான். ஸ்டீக்லிட்ஸும் அந்தப் பனிப்புயல் படத்தை ஓரங்கள் வெட்டியே அச்சிட்டார். ஆனால் கிராப், நின்ற இடத்தின் தவறைத் திருத்தாது. காசிமேட்டு டிரம் முகத்துக்கு வெகு அருகில் இருந்தால் அதை வெட்ட முகத்தையும் வெட்ட வேண்டிவரும். அந்தக் குறைக்கு மருந்து மறுபடி அங்கே போவதுதான். அப்படிப் போய் எடுத்த இரண்டாம் படத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அரிதாகவே இருக்கிறது. கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எடுத்தவர் முன்னேறினாரா என்பதோடு, சொன்னவர் சொன்னது சரியா என்பதும் தெரியவரும். டிரம் போன பிறகு படம் வெறுமையாகி, அந்த நீலம்தான் அந்தப் பெண்ணின் சேலைக்கு எதிராக நின்று படத்தைத் தாங்கியது என்று சொன்னவரே கண்டுகொள்ளவும் கூடும்.