சொல் மீண்டது, உரையாடல்? 'பிக் காக்டஸ்' ஆய்வை முன்வைத்து

பக்கவாதத்திற்குப்பின் அஃபேசியா எனும் மொழியிழப்புக்கு ஆளான 278 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நிகழ்த்தப்பெற்ற 'பிக் காக்டஸ்' ஆய்வு 2019-இல் வெளிவந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் 100 சொற்களை மென்பொருள்வழி ஆறு மாதம் வீட்டிலேயே பயிற்றினர். படங்கண்டு அச்சொற்களைக் கூறும் திறன், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுந்தது. உரையாடல் திறனோ மேம்படவில்லை.

தமிழில் இவ்விடைவெளி மேலும் விரியக்கூடும். 'மரம்' எனப் படங்கண்டு கூறுபவர், பேச்சில் 'மரத்த', 'மரத்துல' என்னும் திரிந்த வடிவங்களையன்றோ தேடவேண்டும்? எழுவாய் வடிவை மட்டும், அதுவும் எழுத்துத்தமிழில், கேட்கும் மென்பொருள் மொழிபெயர்ப்பாகுமேயன்றிச் சிகிச்சையாகாது. பயிற்சிப் பட்டியல் வேற்றுமை ஏற்ற பேச்சு வடிவங்களிலிருந்தே தொகுக்கப்பெற வேண்டும். அதற்கு மருத்துவரோடு மொழியியலாரும் உடனமர வேண்டும்.