ஐந்து ரூபாய்ப் பன்றி

“கால்நடை மருத்துவருக்குப் பன்றி ஒன்று வேண்டும், இந்தா, ஐந்து ரூபாய்!” முராத் அலி சொன்னது இவ்வளவே. தோலுரித்துப் பிழைக்கும் நத்து, ஏன் எதற்கு என்று கேட்கும் உரிமை பெற்றவனா? இரவெல்லாம் அவ்விலங்கோடு மல்லுக்கு நிற்கிறான். விடிந்ததும் அதன் பிணம் பள்ளிவாசற் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது.

பீஷ்ம சாஹ்னி இந்தியில் எழுதி, 1975-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ‘தமஸ்’ நாவல் இவ்வாறு தொடங்குகிறது. 1947 பிரிவினைக்குச் சற்று முந்திய பஞ்சாபே களம். கோவிந்த் நிஹலானி அதைத் தொடராக்க, 1988-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிற்று. பாவூர்சத்திரத்தில் இருப்போருக்குப் பஞ்சாபின் கதை எதற்கு என்பார் உண்டு. மதத்தின் பெயரால் மண்டை உடைக்கவும், சாதியின் அடித்தட்டில் கிடப்பவன் கையைக் கருவியாக்கவும் பஞ்சாபுக்கு மட்டுந்தானா உரிமை?

நாவலில் ஒரு நகைப்பு உண்டு. பல்லைக் காட்டும் நகைப்பன்று, பல்லைக் கடிக்கும் நகைப்பு. மாவட்டத்தை ஆளும் வெள்ளையன் ரிச்சர்டு, பழம்பொருள் ஆராய்ச்சியில் வல்லவன். பிணங்கள் விழும் வேளையில், காவல் கேட்டு வந்தோரைப் பேச்சிலேயே மடக்கி அனுப்புகிறான். அகதி முகாமில் எழுத்தர் ஒருவர், கதறுவோரிடம் கதை வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்கிறார். மானம் காக்கக் கிணற்றில் பாய்ந்து மாண்டாள் மனைவி; அவள் கைவளையலை மீட்க வழி தேடுகிறான் கணவன்! சிரிக்க முடியுமா? சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.

தொடரோ அழவைக்கிறது. பெண்கள் கிணற்றில் குதிக்கும் காட்சி நெஞ்சைப் பிளக்கிறது. ஓம் புரியின் நத்து குற்றவுணர்வில் குமைகிறான். மனைவி கர்மோவுடன் கதை முழுதும் நம்மோடு வருகிறான். நாவலில் அவன் பாதியிலேயே மறைந்துவிடுகிறான். இறுதியில், இறந்துவிட்டான் என ஒரு சொல், அவ்வளவே. அமைதிக் குழுவின் பேருந்தில் ஏறி ஒற்றுமை முழக்கம் எழுப்புபவன் யார் தெரியுமா? அதே முராத் அலி! அடையாளம் காட்டக்கூடிய ஒரே ஒருவன் உயிரோடில்லை. கலவரத்தின் கயமையை இதைவிடத் தோலுரித்துக் காட்ட இயலுமா? நத்துவைத் தலைவனாக்கிய தொடர் நம் கண்ணீரைப் பெற்றது. நம் சினத்தைச் சற்றே தணித்துவிட்டது என்பேன்.

எனினும், ஏடு படிக்க இயலாத இல்லங்களிலும் அது நுழைந்தது. அஞ்சியவர்கள் தடை கேட்டு மன்றம் ஏறினர். பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் பார்த்தபின் அனுமதித்தனர், உச்ச நீதிமன்றமும் 1988-இல் தடைவிதிக்க மறுத்தது. ஆசிரியருக்கு அநீதி இழைத்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை: முதிய சீக்கியர் ஹர்ணாம் சிங்காகத் தொடரில் நடித்தவரே பீஷ்ம சாஹ்னிதான்.