யாராண்டயும் சொல்லிக்காத

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் அம்மா மருத்துவரிடம் கேட்பது, “இந்த ஊசிய எப்ப நிறுத்தலாம்?” வீடு திரும்பியதும் பிள்ளையிடம் சொல்வது, “யாராண்டயும் சொல்லிக்காத.” விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் இந்த இரண்டாவது சொல் ஒரு வழக்கமாகவே ஆகிவிடுகிறது.

அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஊருக்குத் தெரிந்தால் பெண் பிள்ளையின் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயம் கற்பனையல்ல. “இனிப்பு நிறையக் குடுத்தியா?” என்று தாயைக் குற்றவாளியாக்கும் உறவினர் உண்டு, ஊசியை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்பவரும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இந்த நோய். இதில் தாயின் தவறோ பிள்ளையின் தவறோ எதுவும் இல்லை. இதை ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாத வீட்டுக்கு, மறைப்பது ஒரு வேலி.

ஆனால் அந்த வேலி பள்ளிக்கூட வாசலில் உடைகிறது. 2023 ஆகஸ்டு முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தருகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ, சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு வழக்கமான இன்சுலின் போட்டாக வேண்டும். வீட்டில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்குத் தட்டு வரத் தாமதமானால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண் சொருகும். விஷயம் தெரியாத டீச்சருக்கு அது தூங்குமூஞ்சிப் பிள்ளை. தெரிந்த டீச்சர் உடனே குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்பார்.

உயிராபத்து கண்ணுக்குத் தெரியும். மனதில் விழும் காயம் தெரியாது. மதியம் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்து வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் பிள்ளை, தன் உடம்பு வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று தினமும் கற்றுக்கொள்கிறது. மறைக்கப் பழகிய கை, மீட்டரில் 260 வந்தாலும் நோட்டில் 130 என்று எழுதும். அந்த நோட்டை நம்பி மருத்துவர் ஊசி அளவை முடிவு செய்கிறார். ஊரிடமிருந்து காப்பாற்ற வந்த பழக்கம், கடைசியில் வைத்தியத்தையே ஏமாற்றுகிறது.

அதற்காக எல்லோருக்கும் பறைசாற்றுவதும் தீர்வல்ல. பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அறிவிப்பதும், விளையாட்டில் ஒதுக்கி உட்கார வைப்பதும் அதே காயத்தை வேறு வழியில் செய்கின்றன. வகுப்பு ஆசிரியர், சத்துணவுப் பணியாளர், பக்கத்தில் உட்காரும் தோழி என மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் யாரிடம் சொல்வது என்பதை, வளர வளரப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

வகுப்பில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் பெற்றோர் வாய் திறக்காத பள்ளியில் அந்த அனுமதியைக் கேட்க யாருமில்லை.

1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. உயிரை மீட்டுத் தந்த அந்த ஊசியைக் கழிவறையில் ஒளிந்து போட வைப்பது என்ன நியாயம்? “டீச்சர், எனக்கு லோவா இருக்கு” என்று ஒரு பிள்ளை தன் இடத்தில் இருந்தபடியே கை தூக்கிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தைரியத்தை வீடுதான் முதலில் கொடுக்க வேண்டும்.