ஏடு எழுந்து நடந்த கதை

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். அங்கே நீர்மட்ட ஏட்டில் யாராவது 'மதகைத் திற' என்று கிறுக்கி வைத்தாலும் ஏடு எழுந்துபோய்த் திறக்காது.

மென்பொருளின் பதிவேடு எழுந்து போகும் என்பதை 2021 டிசம்பரில் உலகம் கண்டது. ஜாவா மென்பொருள்களில் பரவலாகக் குடியிருந்த பதிவேட்டு நூலகமான லாக்4ஜே, பதியவந்த எழுத்துக்குள் 'ஜேஎன்டிஐ' என்ற ஜாவா தேடல் வசதியின் முகவரி இருந்தால் அங்கே போய் நிரலை வாங்கிவந்து ஓட்டியது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் அப்படி ஒரு வரி தட்டினாலே போதும். அலிபாபா கிளவுட் குழுவின் சென் ஜாவோஜுன் நவம்பர் 24-இலேயே இந்த ஓட்டையைப் பற்றி, லாக்4ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சியிடம் சொல்லியிருந்தார். அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. பரீட்சை என்றால் மிட்டாய் கொடுத்திருப்பார்கள். நம்மூர் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் எச்சரித்தது.

இந்த ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பவரின் கைவேலை தூண்டில்காரருடையது. பெயர்க் கட்டம், தேடல் பெட்டி, பிரவுசர் தன்னை அறிவிக்கும் தலைப்பு என எங்கும் தனித்தனி அடையாளமிட்ட முகவரியைப் போட்டுவிட்டு, அந்த முகவரியைத் தேடி வருவதைக் காட்டும் தன் டிஎன்எஸ் சர்வரில் தக்கை அசைகிறதா என்று பார்த்துக் காத்திருப்பார். மணிக்கணக்கில் ஒன்றுமிராது. பிறகு எங்கோ பின்கட்டுச் சர்வர் ஒன்று அந்தப் பதிவைப் புரட்டும்போது வெடுக்கென்று இழுக்கும்.

சோதிப்பவர் பார்ப்பது இது மட்டுமல்ல. பெயருக்குள் புதுவரிக் குறியை நுழைத்தால், நடக்காத உள்நுழைவு நடந்ததாகப் பதிவாகிறதா? பதிவேட்டில் கடவுச்சொல் அப்படியே எழுதிக் கிடக்கிறதா? அவற்றையும் பார்ப்பார்.

லாக்4ஜேயின் 2.15.0 திருத்தம் போதாமல் 2.16.0, 2.17.0 என அந்த டிசம்பரிலேயே அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் தூண்டில் மறுபடி இறங்கியது.