பாடும் பட்டியலும்

ஸ்பாம் ஃபில்டரில் 'நம்பகமானவர்கள்' என்று ஒரு பட்டியல் போடலாம். அதில் இருப்பவர் எழுதினால் சல்லடை கண்டுகொள்ளாது. பழவேற்காடு ஏரி மீனவர்கள் இதை கம்ப்யூட்டருக்கு முன்பே செய்துவிட்டார்கள். பெயர் 'பாடு'. பட்டியலில் உள்ள தலைக்கட்டுகளுக்கு மட்டும் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, வலை போடும் இடம். சண்டை குறையும், சரி. பட்டியலுக்கு வெளியே இருக்கும் சாதிக்காரருக்கு? நல்ல இடம் கிடையாது.

மெயிலிலும் அதே கோளாறுதான். முதல்முறை வேலை கேட்டு எழுதும் பையன் ஸ்பாமில் கிடப்பான். ஏரியில் முகம் பார்த்தால் ஆள் தெரியும். மெயிலில் அனுப்புநர் பெயரை யாரும் போலியாகப் போடலாம். திருடன் உங்கள் மாமா பெயரில் உள்ளே வருவான். டிகிம் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பட்டியலை நம்பணும். வாரம் ஒருமுறை ஸ்பாம் பெட்டியையும் திறந்து பாருங்கள். அந்தப் பையன் இன்னும் காத்திருக்கலாம்.